தண்ணீர் கேனை மேலே ஏற்றினோம்

சிங்கப்பூரின் துவாஸில் எங்கள் கட்டுமான சைட்டில் கம்பி கட்டும் தம்பி ஒருவன், ஊரிலிருந்து வந்த நாலாம் நாளே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டான். உதடு வெடித்திருந்தது. "தண்ணி குடிச்சியாப்பா?" என்றேன். "கீழ இறங்கி ஏறணுமேண்ணே" என்றான். வேலை ஆறாவது மாடியில், தண்ணீர் கேன் தரைத்தளத்தில். சூப்பர்வைசர் நான்தான், மனசு கேட்கவில்லை.

மறுநாளே இரண்டு கேன்களை மேலே ஏற்றி, பக்கத்தில் தார்ப்பாய் கட்டி நிழல் போட்டோம். மணிக்கொரு தடவை விசில். எல்லாரும் குடித்த பிறகுதான் வேலை. வெயில், ஈரப்பதம், காற்று எல்லாம் சேர்த்துக் காட்டும் கருவியைப் பார்த்துப் பலகையில் எழுதுகிறோம். அது 32 டிகிரியைத் தொட்டால், கடின உடலுழைப்புக்கு மணிக்கு 10 நிமிடமாவது ஓய்வு. 2023இல் மனிதவள அமைச்சு கொண்டுவந்த விதி இது.

அப்புறம், புதிதாக வருபவர்களுக்கு முதல் 7 நாளாவது வெயில் வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். நான் கோட்டை விட்டது இதில்தான். முதல் நாளே முழு வேலை கொடுத்திருந்தேன்.

இப்போது விசில் அந்தத் தம்பி கையில். ஒரு நிமிடம்கூடப் பிந்தமாட்டான்.