மழைநாள் பாடவேளையில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கூடைப்பந்தாட்ட வரலாற்றைக் கற்பிக்கும் முறை

ஆனி, ஆடி மாதங்களில் இலங்கை மலையகத்தின் ஹட்டன், தலவாக்கலைப் பக்கத்துப் பாடசாலைகளில் திடல் நனைந்து பயிற்சி தடைப்படுவது வழக்கம். அந்த நேரத்தை வீணாக்காமல் அணிப் பிள்ளைகளை வகுப்பறையில் அமர்த்தி, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இவ்விளையாட்டு வளர்ந்த கதையைச் சொல்லிக்கொடுங்கள். வெற்றிப் பட்டியலிலிருந்து தொடங்க வேண்டாம். ஒரு விதி ஏன் வந்தது, யாருக்கு ஆட இடம் கிடைத்தது என்ற இரண்டு கேள்விகளையும் விடாமல் பிடித்துச் செல்லுங்கள்.

முதலில் 1891 டிசம்பர். மசாசுசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில், குளிர்காலத்தில் உள்ளரங்கில் ஆடக்கூடிய ஆட்டமொன்றைத் தேடிய ஜேம்ஸ் நெய்ஸ்மித், பீச் பழக் கூடைகள் இரண்டைப் பத்தடி உயரத்தில் ஆணியடித்துப் பொருத்தி, 13 விதிகளை எழுதினார். மழைக்கு ஒதுங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இதன் காரணம் உடனே விளங்கும். 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சென்ற அவர், அங்கு முதல் பயிற்றுவிப்பாளரானார். அவருடைய மாணவர் ஃபாக் ஆலனும் பின்னர் அங்கேயே பெரும் பயிற்றுவிப்பாளராக விளங்கினார்.

அடுத்துக் கரும்பலகையில் ஒரு நீள்சதுரம் வரைந்து, அதை மூன்றாகப் பிரியுங்கள். 1892இல் ஸ்மித் கல்லூரியில் பெண்களுக்கு இவ்விளையாட்டை அறிமுகப்படுத்திய செண்டா பெரென்சன், ஆடுகளத்தை இவ்வாறு பிரித்து, வீராங்கனைகள் தத்தம் பகுதியைத் தாண்டக்கூடாது என்று விதித்தார். நம் மாணவியர் நாள்தோறும் ஆடும் வலைப்பந்தாட்டமும் பெண்களின் தொடக்கக் கூடைப்பந்தாட்டத்திலிருந்து உருவானதே. அதன் ஆடுகளத்தில் இன்றும் அந்த மூன்று பகுதிகள் உண்டு.

1939இல் எட்டு அணிகளுடன் தொடங்கிய தேசியச் சுற்றுப்போட்டியில் ஒரிகன் வென்றது என்று சொல்லிவிட்டு, 1966க்கு வாருங்கள். இங்கேதான் நேரம் எடுத்துக்கொள்ள வேண்டும். இறுதிப் போட்டியில் அடால்ஃப் ரப்பின் கென்டக்கி அணியில் அனைவரும் வெள்ளையர். டெக்சாஸ் வெஸ்டர்ன் அணியின் பயிற்றுவிப்பாளர் டான் ஹாஸ்கின்ஸ் தொடக்கத்தில் களமிறக்கிய ஐவரும் கறுப்பினத்தவர். முதற்பாதியில் பாபி ஜோ ஹில் அடுத்தடுத்து இருமுறை பந்தைப் பறித்துக் கூடையிட்டதை, இரு மாணவரை எழுப்பிச் செய்துகாட்டச் சொல்லுங்கள். 72-65 என டெக்சாஸ் வெஸ்டர்ன் வென்றது. பாட்டன் பாட்டி குடியுரிமை இழந்த கதையை வீட்டில் கேட்டு வளர்ந்த மலையகப் பிள்ளைகளுக்கு, அந்த வெற்றியின் கனத்தை நீட்டி விளக்கத் தேவையில்லை.

பின்னர் யூ.சி.எல்.ஏ. (லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகம்) அணி. அதன் பயிற்றுவிப்பாளர் ஜான் வுடன் 1964 முதல் 1975 வரையான 12 பருவங்களில் 10 பட்டங்களை வென்றார். அவரது அணியில் லூ அல்சிண்டர் என்ற உயர்ந்த வீரர் (பிற்காலத்தில் கரீம் அப்துல் ஜப்பார்) விளங்கிய காலத்தில், 1967இல், பந்தைக் கூடைக்குள் அறைந்து போடுவது தடைசெய்யப்பட்டது. 1976இல்தான் அத்தடை நீங்கியது. பெண்கள் பக்கம் டென்னசி பல்கலைக்கழக அணியின் பயிற்றுவிப்பாளர் பாட் சம்மிட் 1,098 வெற்றிகளும் 8 பட்டங்களும் பெற்றார். அவர் பெயரை விட்டுவிடாதீர்கள்.

முடிவில் காலணிகளைக் கழற்றச் சொல்லுங்கள். வுடன் தம் வீரர்களுக்கு முதல் நாள் கற்பித்தது, காலுறையைச் சுருக்கமின்றி அணிந்து காலணி நாடாவை இறுக்கிக் கட்டுவதையே. சுருக்கம் விழுந்தால் காலில் கொப்புளம் எழும். விரல் நுனியிலிருந்து குதிகால் வரை தடவிச் சரிபார்க்கும் வரை, யாரையும் நாடா கட்ட விடாதீர்கள்.