முதல் நாள் கமரா பைக்குள்ளயே இருக்கட்டும்
யாழ்ப்பாணத்து மீன்பிடிக் கிராமமான மயிலிட்டியில குறும்படம் எடுக்கப் போறீங்களோ? 1990இல் போரால இடம்பெயர்ந்த சனத்துக்கு, ராணுவம் வைச்சிருந்த அந்த ஊர்த் துறைமுகம் 2017இல்தான் திரும்பக் கிடைச்சது. அதால முதல் நாள் கமராவை வெளியில எடுக்காதேங்கோ. இருந்து கதையுங்கோ, தேத்தண்ணி தந்தால் குடியுங்கோ.

சம்மதத்தை ரெண்டு தரம் கேளுங்கோ: பதிவுக்கு முதல் ஒருக்கா, எடுத்ததைப் போட்டுக் காட்டின பிறகு ஒருக்கா. என்ரை கணக்கில ரெண்டாவதுதான் சம்மதம். அழுது கதைச்ச ஆள் பிறகு வேண்டாம் எண்டு சொல்லலாம், அப்ப அழிச்சுவிடுங்கோ. முகம் காட்ட விருப்பமில்லையெண்டால் வலை பொத்துற கையை எடுத்து, குரலை மட்டும் சேருங்கோ. (குரலை வைச்சும் ஆளைப் பிடிக்கலாம், அதையும் முதலே சொல்லிப்போடுங்கோ.)

போன் கமராவின்ரை செற்றிங்கில லொக்கேஷனை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி படத்தோட வீடு இருக்கிற இடமும் சேர்ந்து போகும்.