பாஸ்வேர்டை மாற்றியும் போகாத ஃபோன்

ராத்திரியானால் நெட் ஆமை வேகம். பிரவுசரில் 192.168.1.1 அடித்து ரவுட்டருக்குள் போய்ப் பார்த்தால், இணைந்திருக்கும் சாதனங்களில் எங்கள் வீட்டில் யாரிடமும் இல்லாத ஒரு ஃபோன்! வைஃபை பாஸ்வேர்டை மாற்றினேன். சீக்கிரமே திரும்பவும் ஒட்டிக்கொண்டது.

சந்தேகம் டபிள்யூபிஎஸ் மேல் போனது. பாஸ்வேர்டு அடிக்காமலே, ஒரு பின் நம்பரை வைத்து வைஃபையில் இணையவிடும் ரவுட்டர் வசதி அது. அந்த 8 இலக்கப் பின் நம்பரை இரண்டு பாதியாகப் பிரித்துத்தான் சரிபார்ப்பார்கள். கடைசி இலக்கமோ மற்ற ஏழிலிருந்து கணக்கிடுவது. ஆக, அதிகபட்சம் 11,000 முயற்சியில் பின் நம்பர் சிக்கிவிடும். பின் நம்பர் தெரிந்தவனுக்கு ரவுட்டரே புது பாஸ்வேர்டையும் கொடுத்துவிடும். என்ன வசதியோ!

டபிள்யூபிஎஸ்ஸை அணைத்தேன். ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டை மாற்றி, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, வைஃபை பாதுகாப்பு முறையாக டபிள்யூபிஏ2-ஏஇஎஸ் வைத்தேன். டபிள்யூபிஏ3 இன்னும் நல்லதுதான், என் பழைய பிரிண்டர் முரண்டு பிடிக்கிறது. நெட்வொர்க் பெயரை மறைப்பதெல்லாம் சும்மா, ஸ்கேன் செய்தால் தெரிந்துவிடும். கடைசியில் வைஃபை பாஸ்வேர்டை இன்னொரு முறை மாற்றினேன். அந்த ஃபோன் அப்புறம் தலைகாட்டவில்லை.