மும்பையில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால்: ஊரிலிருந்து புதிதாக வருபவர்களுக்கு

ஊரிலிருந்து குடும்பத்தோடு மும்பைக்கு வருகிறவர்கள் கருப்பட்டி, ஊறுகாய், சாம்பார்ப் பொடி எதையும் மறப்பதில்லை. குழந்தையின் தடுப்பூசி அட்டை மட்டும் பீரோவிலேயே தங்கிவிடுகிறது. தாராவித் தொண்ணூறடிச் சாலையில் நான் குடிவந்து பத்தொன்பது ஆண்டுகள் ஆகின்றன. எதிர்வீட்டுக்கு யார் புதிதாக வந்தாலும் நான் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான். "அம்மாவிடம் சொல்லிக் கூரியரில் அனுப்பச் சொல்கிறேன் அக்கா" என்பார்கள். கூரியர் வருவதற்குள் குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிடும்.

அட்டை தொலைந்தே போயிருந்தாலும் வழி இருக்கிறது. உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியரிடம் பதிவேடு இருக்கும். யாரையாவது அனுப்பி, உங்கள் குழந்தையின் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். கர்ப்ப காலத்தில் கொடுத்த பிக்மி எண் இருந்தால் தேடுவது எளிது. நடுவில் இரண்டு தவணை விட்டுப்போனதென்று வெட்கப்பட்டு வீட்டில் உட்கார்ந்துவிட வேண்டாம். முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை, விட்ட இடத்திலிருந்து தொடர்வார்கள்.

தடுப்பூசித் திட்டம் நாடு முழுவதும் ஒன்றுதான், அரசு இடங்களில் காசும் கிடையாது. பிறந்ததும் காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ சொட்டு, மஞ்சள் காமாலைக்கான ஊசி. பிறகு 6, 10, 14 வாரங்களில் ஐந்து நோய்களுக்கு ஒரே ஊசியான பெண்டா, போலியோ, வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ரோட்டா. 9 மாதத்தில் தட்டம்மை ஊசி, 16 முதல் 24 மாதத்துக்குள் அதன் இரண்டாம் தவணை. ஊர் மாறுகிறவர்கள் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இரண்டாம் தட்டம்மை ஊசியைத்தான், அந்த வயதில் குழந்தை ஓடியாடத் தொடங்கிவிடுவதால் யாருக்கும் ஊசி நினைவில் நிற்பதில்லை. 2022 கடைசியில் மும்பையில் தட்டம்மை பரவியது. கோவண்டிப் பக்கம் கடுமையாக இருந்தது, குழந்தைகள் இறந்தும் போனார்கள். அதை அருகிலிருந்து பார்த்தவர்கள் எவரும் "தட்டம்மைதானே, வேப்பிலை கட்டினால் இறங்கிவிடும்" என்று பேசமாட்டார்கள். வேப்பிலை கட்டுங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. ஊசியையும் போடுங்கள்.

ஊசிக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டாம். மாநகராட்சியின் ஹெல்த் போஸ்ட் உங்கள் பகுதியிலேயே இருக்கும். இரண்டு அறை, ஒரு எடைத் தராசு, ஒரு சிஸ்டர், அவ்வளவுதான். எந்த நாளில் ஊசி என்று சேவிகாவிடம் கேட்டுக்கொள்ளுங்கள். சேவிகா என்றால் வீடு வீடாக வந்து பெயர் எழுதிக்கொண்டு போகும் சுகாதாரப் பணியாளர். ரேஷன் கார்டு சரிபார்க்கவோ குடிசையை அளக்கவோ வந்திருக்கிறார் என்று நினைத்துப் புதியவர்கள் பலர் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள். சாத்தாதீர்கள். உங்கள் குழந்தையின் பெயர் அவருடைய நோட்டில் ஏறிவிட்டால், நீங்கள் மறந்தாலும் அவர் வந்து கதவைத் தட்டுவார். அங்கன்வாடியிலும் அப்படித்தான். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையை எடை பார்த்து எழுதிக்கொள்வார்கள், சத்துணவும் உண்டு. எடை குறைந்துகொண்டே போனால், தாராவிக்காரர்கள் 'சோட்டா சயான்' என்று சொல்லும் நகர்ப்புறச் சுகாதார மையத்துக்கு அனுப்புவார்கள்.

சளி, காய்ச்சல் என்றால் முதலில் மாநகராட்சி தவாகானா, அதாவது டாக்டர் பார்த்து மருந்து தரும் சின்ன மருத்துவமனை. 2022-இலிருந்து 'ஆப்லா தவாகானா' என்ற பெயரில் பல இடங்களில் திறந்திருக்கிறார்கள், வைத்தியமும் மருந்தும் இலவசம். தெருமுனைத் தனியார் டாக்டரிடம் போவதானால் பலகையில் பெயருக்குப் பின்னால் என்ன பட்டம் எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டுப் போங்கள். என் மூத்தவனுக்குச் சாதாரண வைரஸ் காய்ச்சல். ஒருவர் இரண்டு குளுக்கோஸ் பாட்டில் ஏற்றி ஒரு மாத வாடகையை வாங்கிக்கொண்டார். மறுநாளும் காய்ச்சல் அப்படியேதான் இருந்தது.

ஆனால் சிலவற்றுக்குத் தவாகானா கதவு திறக்கும்வரை காத்திருக்கக் கூடாது. இரண்டு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல், வலிப்பு, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்குவது, பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் கண் திறக்காமல் கிடப்பது, மணிக்கணக்கில் சிறுநீர் போகாதது: இவற்றில் எது என்றாலும், இரவானாலும், நேரே பெரிய ஆஸ்பத்திரி. 108-க்கு அழைத்தால் ஆம்புலன்ஸ் வரும். தாராவிச் சந்துக்குள் வண்டி நுழையாது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு பெரிய சாலைக்கு வந்து நில்லுங்கள்.

நம்மவர்களுக்குப் பெரிய ஆஸ்பத்திரி என்றால் சயான்தான், லோகமான்ய திலக் மருத்துவமனை என்பது முழுப்பெயர். பகலில் காட்டப் போனால் முதல் வேலை கேஸ் பேப்பர். ஜன்னலுக்கு முன் வரிசை சுவரோடு வளைந்து போகும். பெயர், வயது சொல்லிச் சில்லறை நீட்டினால் ஒரு தாள் வரும். அந்தத் தாள் இல்லாமல் உள்ளே ஓர் அடி நகர முடியாது. அடுத்த முறையும் அதே தாளைத்தான் கேட்பார்கள், மடித்துப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள். நான் முதல்முறை போனபோது இந்தி ஓர் எழுத்தும் தெரியாது. சிஸ்டர் என் மடியிலிருந்த பையனைக் காட்டி, "புகார் ஹை க்யா?" என்று கேட்டார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டு கையையும் ஆட்டி, "இல்லை, இல்லை, யார்மேலும் புகார் இல்லை" என்றேன். அவருக்குக் கிடைத்த விடை 'காய்ச்சல் இல்லை' என்பது. 'அப்புறம் எதற்கு வந்தாய்' என்பது போலப் பார்த்தார். பின்னால் நின்ற திருநெல்வேலிப் பாட்டி ஒருத்திதான் சிரித்துக்கொண்டே வந்து காப்பாற்றினார்.

ஆகவே சில சொற்கள். இந்தியில் காய்ச்சல் புகார், மராத்தியில் தாப், நம் தாபம்தான் என்று வைத்துக்கொண்டால் மறக்காது. இருமலுக்கு மராத்தியில் கோக்லா. வாந்தி உல்டி, வயிற்றுப்போக்கு ஜுலாப். எத்தனை நாளாக என்பதை விரலால் காட்டினாலே போதும்.

வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். தூளும் துத்தநாக மாத்திரையும் தருவார்கள். போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள், 14 நாள் கொடுக்க வேண்டும். தூளைப் பாக்கெட்டில் சொன்ன அளவுத் தண்ணீரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும், டம்ளருக்கு ஒரு சிட்டிகை என்று சிக்கனம் பிடிக்கக் கூடாது.

சயானைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989-இல் அங்கேதான் தொடங்கியது. குறைமாதத்தில் பிறந்து, தாய்க்குப் பால் சுரக்காமல், பிள்ளை கண்ணாடிப் பெட்டியில் கிடக்கும்போது அந்தப் பாலைக் கொடுப்பார்கள். "யாரோ எவரோ பாலையா?" என்று நம் பாட்டிகள் முகம் சுளிப்பார்கள். கொடுக்கும் தாய்க்குப் பரிசோதனை உண்டு, பாலையும் சூடாக்கிக் கிருமி நீக்கித்தான் வைக்கிறார்கள். தயங்காமல் சரி என்று சொல்லுங்கள்.

குழந்தைகளுக்கென்றே தனி ஆஸ்பத்திரி வேண்டுமானால் பரேலில் வாடியா, 1929-இலிருந்து இருக்கிறது. புற்றுநோய் என்று சந்தேகம் வந்தால் அதே பரேலில் டாடா மெமோரியல். சிகிச்சைக்கு ஊரிலிருந்தே வருகிற குடும்பங்கள் நடைபாதையில் படுக்க வேண்டியதில்லை. செயின்ட் ஜூட் அமைப்பு குழந்தையோடு பெற்றோரும் இலவசமாகத் தங்க இடம் தருகிறது, டாடாவின் சமூகப் பணியாளரிடம் கேளுங்கள்.

பணம்தான் எல்லோருக்கும் கவலை. மாநில அரசின் இலவசச் சிகிச்சைத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்துக்கு மகாராஷ்டிர ரேஷன் கார்டு அல்லது இருப்பிடச் சான்று வேண்டும், வந்த முதல் மாதத்தில் உங்களிடம் இருக்காது. ஆனால் இந்த மாநிலத்தில் அறக்கட்டளை மருத்துவமனைகள் 10 சதவீதப் படுக்கைகளை ஏழைகளுக்கு இலவசமாகவும், இன்னொரு 10 சதவீதத்தைச் சலுகைக் கட்டணத்திலும் ஒதுக்கியாக வேண்டும். பளபளவென்று இருக்கும் பெரிய தனியார் மருத்துவமனைகள் சிலவும் இந்தக் கணக்கில் வரும். யாரும் கூப்பிட்டுச் சொல்லமாட்டார்கள். வருமானச் சான்றோடு போய் நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மழைக்காலத்தில் முழங்கால் தண்ணீரில் பிள்ளையை நடக்க விட்டிருந்தால், காய்ச்சல் வராவிட்டாலும் மூன்று நாளுக்குள் தவாகானாவில் சொல்லுங்கள். எலிக்காய்ச்சலுக்கு முன்கூட்டியே மருந்து கொடுப்பார்கள்.

இன்னொன்று. பஸ் பலகையில் மராத்தியில் 'சயான்' என்று தேடினால் கிடைக்காது, 'ஷீவ்' என்றுதான் எழுதியிருக்கும். நான் ஒருமுறை குழந்தையோடு நிறுத்தத்தில் நின்று சயானுக்குப் போகிற மூன்று பஸ்களை விட்டிருக்கிறேன்.