விண்டோஸ் 10 கணினியைத் தூக்கிப் போடுமுன்

கொக்குவிலில் இருக்கும் என் சித்தப்பா, கோயில் சபையின் கடிதம், திருவிழா நோட்டீஸ், கணக்கு எல்லாவற்றையும் 2016இல் வாங்கிய கணினியில்தான் செய்கிறார். விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்துவிட்டதென்று திரையில் அறிவித்தல் வந்ததும் பெட்டியைக் காரில் ஏற்றித் திருத்தும் கடைக்குக் கொண்டுபோனார். "இது இனிச் சரிவராது ஐயா, புதுசு எடுங்கோ" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பதற்றம்தான் முதல் தவறு. 2025 ஒக்டோபர் 14உடன் நின்றது மைக்ரோசொஃப்ட் இலவசமாகத் தந்த பாதுகாப்புத் திருத்தங்களும் உதவியும்தான், கணினி நிற்கவில்லை. மேலும் ஒரு வருடத்துக்கு, அதாவது 2026 ஒக்டோபர் 13 வரை, வீட்டுப் பாவனையாளர்களுக்குத் திருத்தங்கள் தருவதாக மைக்ரோசொஃப்ட் அறிவித்தது. 30 டொலர் கட்டலாம், அல்லது மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைச் சேமிக்க விட்டால் இலவசம். கடையில் இதை ஒருவரும் சித்தப்பாவிடம் சொல்லவில்லை.

"ஓடுதுதானே, விடுங்கோ" என்று இருப்பதும் பிழைதான். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிவைத்துக் காசு கேட்டு உலகத்தையே கலக்கிய வானாக்ரை வைரஸ், இரண்டு மாதங்களுக்கு முன்பே திருத்தம் வந்திருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. திருத்தத்தைப் போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். திருத்தமே வராத கணினியில் வங்கி வேலை பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். இணையத்தைக் கழற்றிவிட்டால் ஆபத்து நிறையக் குறையும், ஆனால் அச்சகத்துக்கும் வீட்டுக்குமாக அலையும் பென் டிறைவ் வைரஸையும் சுமந்துவரும்.

கணினி மெதுவாக ஓடுவதையும் ஆதரவு முடிந்ததையும் பலர் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். பழைய ஹாட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. என்ற வேகமான சேமிப்பகத்தைப் போட்டால் வேகம் வரும், ஆதரவு வராது. எனவே அந்தச் செலவைச் செய்யுமுன் விண்டோஸ் 11 ஏறுமா என்று பாருங்கள். இன்ரெல் புரொசசர் என்றால் பெரும்பாலும் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் ஏறும். விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி இல்லை என்று காட்டினாலும் உடனே கைவிட வேண்டாம். பல கணினிகளில் அது பயோஸில், அதாவது விண்டோஸுக்கு முன் ஓடும் அடிப்படை அமைப்பில், அணைந்து கிடக்கிறது, போட்டுவிட்டால் சரி.

பாவித்த கணினி வாங்கப் போகிறவர்கள் ஏமாறுவதும் இந்தத் தலைமுறைக் கணக்கில்தான். "ஐ7 அண்ணை, நல்ல சாமான்" என்பார்கள். ஐ7க்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள்: 3770 என்றால் 3ஆம் தலைமுறை, 2012இல் வந்தது. அதைவிட ஐ3-8100 புதியது. திரையில் விண்டோஸ் 11 தெரிகிறதே என்று மயங்கவும் வேண்டாம். சோதனையைத் தாண்டி வலிந்து ஏற்றியிருக்கலாம். அப்படியான கணினிக்குத் திருத்தங்கள் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

சரி, விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ்? பழைய பெட்டிக்கு அதன் ஒரு வகையான லினக்ஸ் மின்ற் நல்ல வழி, காசும் இல்லை. ஆனால் நம் ஊரில் அதற்கு ஒரு தனி முட்டுக்கட்டை உண்டு: ஆங்கில எழுத்துகளுக்கே தமிழ் உருவம் கொடுத்துக் காட்டும் பழைய எழுத்துருவான பாமினி. சித்தப்பாவின் பத்து வருடக் கோப்புகளும் பாமினியில் தட்டியவை. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஆங்கில எழுத்துகளாக ஜே, கே, பி, ஓ என்று வந்து, கடைசியில் ஓர் அரைப்புள்ளியோடு நிற்கும். முதல்நாள் அதைப் பார்த்தவர் "எல்லாம் போச்சு" என்று தலையில் கை வைத்துவிட்டார். ஒன்றும் போகவில்லை, பழைய கணினியிலிருந்து எழுத்துருக் கோப்பைக் கொண்டுவந்து நிறுவியதும் திருவிழா நோட்டீஸ் பழையபடி தெரிந்தது. அதனால் படங்களையும் கடிதங்களையும் பிரதி எடுக்கும்போது எழுத்துருக்களையும் சேர்த்து எடுங்கள். பிறின்டர் வேலை செய்கிறதா என்பதை, லினக்ஸை நிறுவாமல் பென் டிறைவிலிருந்தே ஓடவிட்டுப் பார்த்துவிடலாம்.

சித்தப்பா இப்போது லினக்ஸில்தான் தட்டுகிறார். புதுக் கணினிக்கென்று எண்ணி வைத்த காசில் கொஞ்சம் யு.பி.எஸ். பற்றரிக்குப் போனது. பழைய ஹாட் டிஸ்க் அலுமாரியில், அவருடைய காணி உறுதிகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது.