நேராக வெட்டிய படம் சாய்ந்து விழுந்த கதை

சுயவிவரப் படத்துக்காகச் சதுரமாக வெட்டிய படம் கணினியில் கச்சிதமாக நின்றது. இணையதளத்தில் பதிவேற்றியதும் முகம் பக்கவாட்டில் படுத்துவிட்டது. வேறு உலாவி, சிறிய கோப்பு, பிஎன்ஜி வடிவம் என்று பல நாள் வீணானது. சுழற்றிச் சேமித்தும் பயனில்லை.

துப்பு கொடுத்தது ஒரு சின்ன விஷயம். கைப்பேசியைப் படுக்கைவசமாகப் பிடித்து எடுத்த படங்களுக்கு இந்தச் சிக்கலே இல்லை. மூலக் கோப்பின் விவரத்தைப் பார்த்தால், நெட்டையான படத்துக்கு அகலம் 4000, உயரம் 3000 என்று இருந்தது! கைப்பேசி படத்தைப் படுத்தபடியே சேமித்து, ‘திருப்பிக் காட்டு’ என்று எக்ஸிஃப் குறிப்பில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரக் குறிப்பு) 6 என்ற எண்ணை மட்டும் எழுதிவைக்கிறது. தளம் அந்தக் குறிப்பைத் துடைத்துவிடுகிறது. நான் சுழற்றிய செயலியும் குறிப்பைத்தான் மாற்றியிருக்கிறது, படத்தை அல்ல. சோம்பேறிச் செயலி!

ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் திறந்தபோது, சுழற்றவா என்று அதுவே கேட்டது. சுழற்றச் சொல்லி, பிறகு வெட்டி, புதிய ஜேபெக்காக ஏற்றுமதி செய்தேன். முகம் நிமிர்ந்தது.

இன்னொன்று: சுயவிவரப் படத்தை வட்டமாகக் காட்டும் தளங்களில், அந்த வட்டச் சட்டம் சதுரத்தில் ஏறத்தாழ 78.5 சதவீதத்தைத்தான் காட்டும். தலைக்கு மேல் கொஞ்சம் இடம் விட்டு வெட்டுங்கள்.