மேஜர் கீக்குள் எந்தெந்த கார்டுகள்?

நோம்பி (ஊர்த் திருவிழா) கச்சேரியில் கீபோர்டு வாசிக்கக் கோவை, ஈரோட்டுப் பக்கம் மேடையேறுகிறவருக்கு இது முதலில் கைக்கு வரணும். சங்கராபரணம் ராகம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேஜர் ஸ்கேலின் சுரங்களும் அவையே. சி கீ, அதாவது சி-யில் தொடங்கும் ஸ்கேல் என்றால் ஏழும் வெள்ளைக் கட்டை. ஏதாவது ஒரு சுரத்தில் தொடங்கி, ஒன்றுவிட்டு ஒன்றாக மூன்றை அழுத்தினால் ஒரு கார்டு. ஸ்கேலின் 1, 4, 5-ஆம் சுரத்தில் தொடங்கும் கார்டுகள் மேஜர் வகை: சி, எஃப், ஜி. 2, 3, 6 மைனர்: டி, இ, ஏ. 7 டிமினிஷ்டு, அதிகம் தேவைப்படாது. இந்த வரிசை எல்லா மேஜர் கீக்கும் பொது.

சறுக்குவது ஜி கீயில். ஐந்தாவது கார்டு டி மேஜர்: டி, எஃப் ஷார்ப், ஏ. பழக்கதோஷத்தில் விரல் வெள்ளை எஃப்புக்குப் போனால் அது டி மைனர். ஜிக்குத் திரும்பும் இழுப்பு குறைந்துவிடும். விரலை மாற்றாமலே சுருதியை மாற்றித் தரும் டிரான்ஸ்போஸ் பட்டனையே நம்புகிறவருக்கு இது பிடிபடாது. பாடகர் 5 கட்டை (ஜி சுருதி) கேட்டால் எண்ணிலேயே யோசியுங்கள்: 1, 6, 4, 5 என்பது ஜி, இ மைனர், சி, டி.